தேவை எது, விருப்பம் எது என்று ஐந்து வயதுக் குழந்தைக்கு எப்படிச் சொல்வது?

ராயபுரத்து அம்மா (ஞாயிறு, இரவு 9.50)

அனைவருக்கும் வணக்கம். எங்கள் மகள் யு.கே.ஜி. படிக்கிறாள், சென்ற மாதம்தான் ஐந்து வயது நிறைந்தது. பள்ளியில் "தேவைகளும் விருப்பங்களும்" என்று ஒரு பாடம் நடத்தி, இருபது படங்கள் அச்சிட்ட தாளொன்றைக் கொடுத்து, தேவையானவற்றுக்குப் பச்சை வட்டமும் விருப்பமானவற்றுக்குச் சிவப்பு வட்டமும் போட்டுவரச் சொல்லியிருந்தார்கள். சோறு, தண்ணீர், வீடு, சட்டை, செருப்பு, மருந்து எல்லாம் பச்சை. பொம்மை, ஐஸ்கிரீம், பலூன், தொலைக்காட்சி எல்லாம் சிவப்பு. அவள் தடுமாறாமல் போட்டு முடித்து, நட்சத்திரமும் வாங்கிவந்தாள். அதுவரை எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் மாலை என் மாமியார் வழக்கம்போல் வாசற்படியில் உட்கார்ந்து, சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிவிட்டுச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். இவள் எதிரே போய் இடுப்பில் கைவைத்து நின்று, "ஆயா, இது உனக்குத் தேவை இல்லை, விருப்பம்தான். சிவப்பு வட்டம். இனிமேல் வாங்கக் கூடாது" என்றாள். அவர் தடவிய வெற்றிலையை மடிக்காமல் அப்படியே மடியில் வைத்துவிட்டார். அன்றிரவு ஒன்றும் பேசவில்லை. காலையில் தண்ணீர் பிடிக்கும்போது என்னிடம் மட்டும், "நீ சொல்லிக்கொடுத்ததா?" என்று கேட்டார். இல்லை என்று சொன்னேன். நம்பினாரா என்று தெரியவில்லை.

இது போதாதென்று, போன சனிக்கிழமை எம்.சி. ரோட்டுக்குத் துணி எடுக்கப் போனபோது, மிதித்தால் விளக்கெரியும் செருப்பு ஒன்றைப் பார்த்துவிட்டாள். வீட்டில் நல்ல செருப்பு இருக்கிறது என்றேன். "செருப்பு பச்சை வட்டம், அம்மா. எனக்குத் தேவை" என்று சொல்லிக் கடை நடுவிலேயே உட்கார்ந்து அழுதாள். பாடத்திலிருந்து அவளுக்குக் கிடைத்தது வேறுபாடு அல்ல, "தேவை" என்ற சொல் மட்டும்தான். அந்தச் சொல்லைச் சொன்னால் பொருள் வரும் என்று எண்ணிக்கொண்டாள். பதில் சொல்லத் தெரியாமல், "காசு இல்லை" என்று சொல்லி இழுத்துவந்தேன். அடுத்த கடையில் அவள் கண்ணெதிரிலேயே எனக்கு ஒரு புடவை எடுத்தேன்.

சிறு குழந்தைக்கு இதை எந்த வயதில், எப்படிச் சொல்லிக்கொடுத்தீர்கள்? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

திருவொற்றியூர் அப்பா (ஞாயிறு, இரவு 10.15)

சகோதரி, இதை இவ்வளவு குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. ஐந்து வயதில் பாடம் ஏறாது. கையில் காசு கொடுத்தால்தான் ஏறும். மாசி மாதம் வடிவுடையம்மன் கோயில் உற்சவத்தின்போது தெரு முழுக்கக் கடை போடுவார்கள். என் மகனுக்கு 50 ரூபாய் கொடுத்து, "இதற்குள் உனக்கு எது வேண்டுமோ அதை வாங்கு, தீர்ந்தால் தீர்ந்ததுதான்" என்று சொல்லிவிடுவேன். முதல் வருடம் முதல் கடையிலேயே முழுவதையும் கொட்டிவிட்டு, மீதித் தெரு முழுவதும் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு வந்தான். இரண்டாம் வருடம் கடைசிக் கடைவரை பார்த்துவிட்டுத் திரும்பி வந்து வாங்கினான். அவ்வளவுதான் விஷயம்.

தண்டையார்பேட்டை ஆசிரியை (திங்கள், காலை 6.30)

வணக்கம் அம்மா. இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குப் பாடம் எடுத்து வருகிறேன். உங்கள் மகள் தவறேதும் செய்யவில்லை. அவளுக்குக் கொடுத்த தாளில்தான் பிழை. நானும் பல ஆண்டுகள் அதே மாதிரித் தாளைக் கொடுத்தவள் என்பதால் சொல்கிறேன்.

அந்தத் தாள் பொருள்களைப் பிரிக்கிறது. தேவையும் விருப்பமும் பொருளுக்குள் இருப்பவை அல்ல. யாருக்கு, எப்போது, ஏற்கெனவே எத்தனை இருக்கின்றன என்பதில் இருப்பவை. செருப்பு இல்லாத பிள்ளைக்குச் செருப்பு தேவை. இருக்கிற பிள்ளைக்கு விளக்கெரியும் செருப்பு விருப்பம். இதை ஒரு படத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்ட முடியாது. என் வகுப்பில் ஒரு முறை தண்ணீர்ப் படத்தைக் காட்டி, "இது தேவையா?" என்று கேட்டேன். எல்லாரும் ஆமாம் என்றார்கள். ஒரு பையன் மட்டும் எழுந்து, "எந்தத் தண்ணி மிஸ்? கேன் தண்ணியா, பம்புத் தண்ணியா?" என்றான். அவன் வீட்டில் குடிப்பதற்கு மட்டும் இருபது லிட்டர் கேன் வாங்குவார்கள். அதில் கைகழுவினால் அடி விழும். அரைமணி நேரம் அதையே பேசினோம். எந்தத் தண்ணீர் எதற்கு, கேன் வராத நாளில் என்ன செய்வது, காய்ச்சிக் குடித்தால் ஆகாதா என்று அவர்களே கேட்டு, அவர்களே பதில் சொன்னார்கள். அதற்குப் பிறகு நான் அந்தத் தாளைக் கொடுப்பதை நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பொம்மைக்குச் சிவப்பு வட்டம் போடச் சொன்னது எனக்கு உடன்பாடில்லை. ஐக்கிய நாடுகள் அவை 1989-இல் ஏற்று, இந்தியா 1992-இல் இணைந்த குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில், உணவு, மருத்துவம், கல்வி ஆகியவற்றுக்கான பிரிவுகளோடு, விளையாட்டும் ஓய்வும் குழந்தையின் உரிமை என்று சொல்லும் 31-ஆம் பிரிவும் இருக்கிறது. ஆகவே விளையாடுவது தேவை. பத்தாவது பொம்மை தேவையா என்பது வேறு கேள்வி.

வீட்டில் "தேவை", "விருப்பம்" என்ற இரு சொற்களையும் சில மாதங்களுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, "முதலில் எது, பிறகு எது" என்று பேசிப் பாருங்கள். முன்பின் என்பது அந்த வயதுக்கு விளங்கும். "முதலில் ஆயாவுக்கு மாத்திரை, பிறகு உனக்குக் கலர் பென்சில்" என்றால் அவளுக்குப் புரியும். கலர் பென்சில் கேட்டது குற்றம் என்றும் தோன்றாது.

எம்.சி. ரோட்டுக் கடைக்காரன் (திங்கள், பிற்பகல் 2.40)

பெரியவர்கள் எழுதுகிற இடத்தில் வியாபாரி எழுதலாமா என்று தயங்கினேன். ஆனாலும் கடை நடுவில் உட்கார்ந்து அழும் குழந்தைகளை உங்கள் எல்லாரையும்விட அதிகமாகப் பார்த்தவன் நான்; தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேராவது அழுவார்கள்.

முதலில் எங்கள் பக்கத்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். விளக்கெரியும் செருப்பையும் கார்ட்டூன் படம் போட்ட பையையும் பெரியவர்கள் கண்மட்டத்தில் யாரும் வைப்பதில்லை. தரையிலிருந்து இரண்டரை, மூன்று அடி உயரத்தில், குழந்தையின் கை எட்டுகிற தட்டில்தான் வைப்போம். அம்மா மேலே சேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது பிள்ளை கீழே பொருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டிருக்கும். கையில் வந்துவிட்ட பொருளைத் திரும்ப வைக்கச் சொன்னால், குழந்தைக்கு அது கிடைக்காத பொருளாகத் தெரியாது. தன்னுடையதைப் பிடுங்குவதாகத்தான் தெரியும். ஆகவே உங்கள் மகளின் அழுகைக்கு நாங்களும் பொறுப்பு.

நான் பார்த்தவரையில் அழாமல் போகும் குழந்தைகளின் பெற்றோர் பெரிதாக எதுவும் செய்வதில்லை. கடைக்கு வெளியிலேயே, "இன்றைக்கு உனக்கு ஒரு பாவாடை, அப்பாவுக்கு ஒரு சட்டை, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். சிலர் சீட்டில் எழுதிக் குழந்தையின் கையிலேயே கொடுத்துவிடுகிறார்கள். எழுத்துத் தெரியாவிட்டாலும் அது ஒவ்வொன்றாகக் கேட்டுக்கேட்டு மடித்துவைத்துக்கொள்ளும். சாப்பிடாமலும் தூங்காமலும் கூட்டிவந்தால் எந்த உபாயமும் பலிக்காது.

நம் ஊரில் ஒரு சொல் இருக்கிறது: "பார்க்கலாம்." பெரியவர்களுக்கு அதன் பொருள் "கிடையாது". குழந்தைக்கோ அது "உண்டு". இந்த ஒரு சொல்லால் வருகிற சண்டை வேறு எதனாலும் வருவதில்லை. கிடையாது என்றால் கிடையாது என்றே சொல்லிவிடுங்கள்.

"காசு இல்லை" என்று சொல்லிவிட்டுப் புடவை எடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள், சகோதரி. புடவை எடுத்ததில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் குழந்தைகள் அதைக் கவனிக்காமல் இருப்பதில்லை.

காசிமேட்டு வீட்டுக்காரி (திங்கள், இரவு 8.05)

எங்கள் வீட்டுக்காரர் விசைப்படகில் போகிறவர். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். 2017-க்கு முன் 45 நாளாக இருந்தது. அரசு கொடுக்கும் நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்ந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கொடுமை என்னவென்றால், ஜூன் மாதத் தொடக்கத்திலேயே பள்ளி திறந்துவிடுகிறது. நோட்டு, பை, ஷூ, பள்ளிக் கட்டணம் எல்லாம் வந்து நிற்கும். படகு இன்னும் கரையில் நிற்கும். ஒவ்வொரு ஜூனிலும் என் தோடு அடகுக் கடைக்குப் போய், ஆடி மாதம் திரும்பி வரும்.

இந்த நிலையில் எங்கள் பிள்ளைகளுக்குத் தேவையையும் விருப்பத்தையும் யாரும் தாள் கொடுத்துச் சொல்லித்தரவில்லை. தடைக்காலம் தொடங்குவதற்கு முதல் நாள் இரவு எல்லாரையும் உட்காரவைத்து, "இன்றிலிருந்து பள்ளி திறந்து ஒரு வாரம்வரை புதிதாக எதுவும் கிடையாது, சோறும் குழம்பும் எப்போதும்போல உண்டு, படகு போய் வந்த முதல் சனிக்கிழமை ஆளுக்கொன்று உண்டு" என்று நான் சொல்லிவிடுவேன். காலண்டரில் அந்தச் சனிக்கிழமையை என் சின்னவன் சுற்றிவைப்பான். நடுவில் கேட்பார்கள், கேட்காமல் இருக்க மாட்டார்கள். காலண்டரைக் காட்டுவேன்.

ஒரு வருடம் படகு முதல் முறை கடலுக்குப் போனபோது மீன் சரியாகக் கிடைக்காமல், அந்தச் சனிக்கிழமை வாங்கித்தர முடியவில்லை. அடுத்த வருடத் தடைக்காலத்தில் பிள்ளைகள் என்னை ஒரு நாள்கூட நிம்மதியாக இருக்கவிடவில்லை. அப்போது அவர்கள் மேல் கோபப்பட்டேன். பிறகுதான் யோசித்தேன், அவர்கள் ஏன் என்னை நம்ப வேண்டும் என்று.

திருவொற்றியூர் அப்பா (திங்கள், இரவு 8.40)

அக்கா, உங்கள் கஷ்டம் புரிகிறது. ஆனால் அடகு, கடன் என்று ஐந்து வயதுப் பிள்ளைக்குச் சொன்னால் அது பயந்துபோகும் அல்லவா? ஆசைப்படவே பயப்படுகிற பிள்ளையாக வளர்ந்துவிடாதா? நானே அப்படி வளர்ந்தவன். எட்டு வயதில் கடைத்தெருவில் "உனக்கு என்ன வேண்டும்?" என்று மாமா கேட்டால், ஒன்றும் வேண்டாம் என்பேன். எல்லாரும் நல்ல பிள்ளை என்று மெச்சினார்கள். வேண்டியிருந்தது, ஐயா, நிறைய வேண்டியிருந்தது.

காசிமேட்டு வீட்டுக்காரி (திங்கள், இரவு 9.00)

தோட்டைப் பற்றிப் பிள்ளைகளிடம் நான் சொல்வதில்லை, தம்பி, உங்களிடம்தான் சொன்னேன். அவர்களுக்குத் தேதியை மட்டும் சொல்கிறேன். எதற்கு என்று சொல்லாமல் அம்மா அழுதால் பிள்ளைக்குப் பயம் வரும். "ஜூன் வரைக்கும்" என்று சொன்னால் பயம் வராது, எரிச்சல்தான் வரும். எரிச்சல் வரட்டும். கேட்கக் கூடாது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. "நீ கேட்டதை எழுதிவைத்திருக்கிறேன்" என்பேன். உண்மையிலேயே எழுதியும் வைப்பேன், பால் கணக்கு எழுதும் நோட்டின் பின்பக்கத்தில்.

தண்டையார்பேட்டை ஆசிரியை (செவ்வாய், இரவு 9.10)

காசிமேட்டு அம்மா எழுதியதைப் படித்ததும் ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் வால்டர் மிஷல் என்ற உளவியலாளர், மழலையர் பள்ளிக் குழந்தைகளின் முன்னால் ஒரு மிட்டாயை வைத்து, "நான் திரும்பி வரும்வரை தின்னாமல் இருந்தால் இரண்டு தருவேன்" என்று சொல்லிவிட்டுப் போய் மறைவிலிருந்து கவனித்தார். காத்திருந்த குழந்தைகள் பின்னாளில் படிப்பில் மேலாக இருந்தார்கள் என்று செய்தி பரவி, "பொறுமையுள்ள குழந்தையே முன்னேறும்" என்பது பெற்றோர் கூட்டந்தோறும் சொல்லப்படும் வாக்கியமாகிவிட்டது. 2018-இல் 900-க்கும் மேற்பட்ட குழந்தைகளின் தகவலை வைத்து மறுபடி பார்த்தபோது, குடும்பத்தின் வசதியையும் வீட்டுச் சூழலையும் கணக்கில் கொண்டால் அந்தத் தொடர்பு வெகுவாகச் சுருங்கிவிடுவது தெரிந்தது.

இதற்கிடையில் 2013-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மூன்று முதல் ஐந்து வயதுவரையுள்ள 28 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கினார்கள். "கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணப் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று எல்லாரிடமும் சொன்னார்கள். ஒரு பிரிவினருக்குச் சொன்னபடி கொண்டுவந்து கொடுத்தார்கள். மற்றப் பிரிவினரிடம், "மன்னித்துக்கொள், இல்லையாம்" என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். அதன் பிறகு அதே மிட்டாய்ச் சோதனை. வாக்குக் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் சராசரியாகப் பன்னிரண்டு நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாந்த குழந்தைகள் மூன்று நிமிடம்தான். ஏமாற்றுபவரிடம் காத்திருக்காமல் உடனே தின்றுவிடுவது புத்திசாலித்தனம் அல்லவா? அதையேதான் அவர்கள் செய்தார்கள்.

கடைக்கார ஐயா சொன்ன தட்டு உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு, விளம்பரம் தம்மை வாங்கவைக்கத்தான் எடுக்கப்பட்டது என்பதே முழுமையாக விளங்குவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004-இல் சொன்னது. ஸ்வீடனில் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரங்களுக்கு 1991 முதல் தடை. இங்கே அலைபேசியில் இன்னொரு குழந்தை பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டுவதை நம் பிள்ளைகள் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். அது விளம்பரம் என்று நமக்கே பாதி நேரம் தெரிவதில்லை.

வியாசர்பாடிக்காரன் (செவ்வாய், இரவு 11.30)

எனக்குக் குழந்தை இல்லை. அக்கா மகனோடு ஒரே வீட்டில் இருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். மின்சாரம் போய்விட்டது, கீழ்த்தளத்தில் இருந்த நான்கு குடும்பங்களும் மாடி வீட்டுக்கு ஏறினோம். கிளம்புவதற்குப் பத்து நிமிடம் இருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் யார் எதை எடுத்தார்கள் என்று இந்த இழையைப் படித்தபோது யோசித்துப் பார்த்தேன்.

அக்கா ரேஷன் அட்டை, சான்றிதழ், அரிசி. நான் சிலிண்டர். எதிர்வீட்டு ஆயா சுருக்குப்பையை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "இந்த நேரத்திலும் வெற்றிலையா?" என்று யாரோ சிரித்தார்கள். மேலே வந்து பிரித்தபோது வெற்றிலையோடு வீட்டுச் சாவி, அடகு ரசீது, மகன் தொலைபேசி எண் எழுதிய அட்டை, 340 ரூபாய் இருந்தன. எங்கள் அலைபேசிகள் எல்லாம் அணைந்த பிறகு, அந்த அட்டையை வைத்துத்தான் பக்கத்துத் தெருவில் ஒருவரிடம் அலைபேசியைக் கடன் வாங்கிப் பேசி, ஆயாவின் மகன் மூலம் பால் பாக்கெட் வந்தது.

அக்கா மகனுக்கு அப்போது ஆறு வயது. கால்சட்டைப் பையில் கேரம் ஸ்ட்ரைக்கரைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். அக்கா அந்த அவதியிலும் முதுகில் ஒன்று வைத்தாள். மாடி வீட்டில் கேரம் பலகை இருந்தது, ஸ்ட்ரைக்கர்தான் தொலைந்துபோயிருந்தது. இரண்டு பகல் முழுக்க ஏழு பிள்ளைகள் சத்தமில்லாமல் இருந்ததற்கு அந்த ஒரு துண்டுதான் காரணம். தாளில் இருந்தால் அதற்கு நிச்சயமாகச் சிவப்பு வட்டம்தான் போட்டிருப்பான்.

பெரம்பூர் ஓய்வூதியர் (புதன், காலை 5.45)

ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். தாத்தா பாட்டி தரப்பிலிருந்து யாரும் எழுதவில்லையே என்று எழுதுகிறேன்.

அம்மா, உங்கள் மாமியாரின் வெற்றிலையைப் பற்றி எல்லாரும் நாசூக்காகக் கடந்துபோகிறார்கள். அதில் புகையிலையோ பாக்கோ சேர்ப்பாரானால் அது உடல்நலச் செய்தி, அதை நீங்களும் உங்கள் கணவரும் தனியே பேசிக்கொள்ளுங்கள். குழந்தை வாயால் வர வேண்டியதில்லை. வெறும் வெற்றிலை சுண்ணாம்பு என்றால், ஆயாவுக்கு அது பிடிக்கும், அதனால் வாங்குகிறோம் என்று குழந்தையிடம் சொல்லிவிடுங்கள். பிடித்ததற்காக வாங்குவது வெட்கப்படத்தக்கதல்ல. என் சம்பள நாளில் அரிசி, பருப்பு, வாடகை, சீட்டுப் பணம், பிள்ளைகள் கட்டணம் என்று தனித்தனியே மடித்து வைத்துவிட்டு, மிச்சம் இருப்பதில் என் மனைவிக்கு ஒரு முழம் பூ வாங்குவேன். பூ தேவையா என்று அவள் ஒருமுறை கேட்டாள். அந்த மாதம் வாங்கவில்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்பு, மகனை அங்கே அழைத்துப்போய்ப் பழைய பொம்மைக் கடைகளைச் சுற்றிக்காட்டுவேன். வாங்குவது ஆறு மாதத்துக்கு ஒன்றுதான். பார்ப்பது மாதத்துக்கு ஒரு முறை. பார்த்துவிட்டு வருவதும் ஒரு சுகம் என்று அவன் பழகிக்கொண்டான். பள்ளியில் சஞ்சாயிகா என்ற மாணவர் சேமிப்புத் திட்டத்தில் வாரம் 25 காசு, 50 காசு போட்டுவந்தான். இன்றைக்கு என் பேரன் கேட்டதையெல்லாம் நான் வாங்கிக்கொடுக்கிறேன் என்று அதே மகன் என்னைக் கடிந்துகொள்கிறான். நியாயம்தான். ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

ராயபுரத்து அம்மா (புதன், இரவு 9.30)

எல்லாருக்கும் நன்றி. மாமியாரிடம் இன்று மாலை பேசினேன். புகையிலையும் பாக்கும் போடுவதில்லை, ஐயா. இந்த மாதம் தாளை மறந்துவிட்டு, காசிமேட்டு அக்கா சொன்னபடி எழுதிவைத்துப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம்: எழுதிவைத்ததை எப்போது வாங்கித்தருவது? எல்லாவற்றையும் வாங்க முடியாதே?

காசிமேட்டு வீட்டுக்காரி (புதன், இரவு 9.55)

மாதத்துக்கு ஒரு தேதி வையுங்கள். அன்றைக்குப் பட்டியலை நீங்கள் படியுங்கள், அவள் ஒன்றைச் சொல்லட்டும். பாதியை அவளே "இது வேண்டாம்" என்று அடித்துவிடுவாள், பாருங்கள். எட்டு நாளைக்கு மேல் நிற்கும் ஆசை குறைவு. நிற்கிறதை வாங்கிக்கொடுங்கள்.

முடிந்தால் ரேஷன் கடைக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள். அரிசி விலையில்லாமல், சர்க்கரை 25 ரூபாய், பருப்பு 30, பாமாயில் 25 என்று வரிசையாக வாங்குவதை அவள் பார்க்கட்டும். பொருள் தீர்ந்துவிட்டால், "நாளைக்கு வா" என்பார்கள். அம்மாவும் காத்திருக்கிறாள் என்று குழந்தைக்குத் தெரிய அதைவிட நல்ல இடம் கிடையாது.

திருவொற்றியூர் அப்பா (வியாழன், காலை 7.10)

நானும் ஒன்றை மாற்றிக்கொள்கிறேன். இந்த முறை 50 ரூபாயைக் கொடுத்துவிட்டு, "தீர்ந்தால் தீர்ந்தது" என்று மிரட்டாமல், கூடவே நடக்கப்போகிறேன்.

ராயபுரத்து அம்மா (ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு இரவு)

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். பால் நோட்டின் பின்பக்கத்தில் மொத்தம் பதினொன்று சேர்ந்தன. விளக்கெரியும் செருப்புதான் முதல் வரி. ஐந்தாம் தேதி உட்கார்ந்து படித்தபோது பலூன் துப்பாக்கி, ரோஜா நிறப் பை, யாரோ ஒரு தோழி வைத்திருந்த தண்ணீர்ப் புட்டி எல்லாவற்றையும் "அது அப்போ" என்று சொல்லித் தள்ளிவிட்டாள். செருப்பு மட்டும் நின்றது. 320 ரூபாய், வாங்கிக்கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் மாமியாரைத் திண்ணையில் உட்காரவைத்து, இருட்டில் மிதித்து மிதித்துக் காட்டினாள். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம் வந்து, "நோட்டில் எனக்கும் ஒரு பக்கம் போடு" என்றார். என்ன எழுதட்டும் என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

ரேஷன் கடைக்கும் போனோம். பாமாயில் வரவில்லை, மூன்று நாள் கழித்து வரச் சொன்னார்கள். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரிசையில் முன்னால் நின்றவரின் கைக்குழந்தையோடு விளையாடிக்கொண்டிருந்தாள்.

சிக்கல் இப்போது வேறு பக்கம் முளைத்திருக்கிறது. நேற்று என் கணவர் ஒரு புது அலைபேசி வாங்கிவந்தார். பழையது நன்றாகத்தான் இருக்கிறது. அவள் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பால் நோட்டை எடுத்துவந்து, முன்பக்கம் பின்பக்கம் எல்லாம் புரட்டி, "நைனா, இது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கு?" என்று கேட்டாள். அவர் குளிக்கப் போய்விட்டார்.